பின் சீட்டுக்கு அடியில் ஒரு வூபர்

ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் ஏ16 வீதியில் ஒரு டீசல் கெப் மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு போனால், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் ஓடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. செக்கனுக்கு ஏறத்தாழ 67. அந்த 67 ஹேர்ட்ஸ் உறுமல் ஏற்றம் முடியும் மட்டும் கேபினுக்குள்ளேயே குடியிருக்கும். பாட்டில் பேஸ் ட்ரமும் பேஸ் கிட்டாரும் உலவுகிற இடமும் ஏறக்குறைய அதேதான். ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கும். குரலும் வயலினும் கேட்கும். பாட்டின் அடி மட்டும் காணாமல் போயிருக்கும்.

சாரதி என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். குரல் கீச்சிடத் தொடங்கும், கதவுத் தகடு அதிரும், தொலைந்த பேஸ் திரும்பாது. பதுளையிலும் பண்டாரவளையிலும் வாகன செட் பூட்டும் கடைகளுக்குப் பிழைப்பு நடப்பது இந்த இடத்திலிருந்துதான். வண்டியோடு வந்த செட்டைக் கழற்றாமல், அதனுடன் பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான வூபரை மட்டும் சேர்ப்பது இன்று கெப் வைத்திருப்பவர்களின் பரவலான ஆசை. தோட்டத் துரைமாரின் டபள் கெப்புக்கும் அந்த ஆசை உண்டு. வெலிமடைப் பக்கத்திலிருந்து கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிப்போகும் சிங்கிள் கெப்புக்கும் உண்டு.

காதின் குணமும் இதில் ஒரு கை கொடுக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஹார்வி பிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, மனிதக் காது எல்லா அலைவரிசைகளையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்று காட்டியது. 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபலில் கேட்கும் ஒலிக்குச் சமமாக 50 ஹேர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், அதை 70 டெசிபலுக்கும் மேலே உயர்த்தியாக வேண்டும். மெதுவாகப் பாட்டுக் கேட்பவருக்கு முதலில் மறைவது பேஸ். ஆகவே வூபர் சத்தப் பிரியர்களுக்கு மட்டுமான பொருள் என்று நினைப்பது தவறு. அடக்கமாகக் கேட்பவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

மலையகத்தில் இதற்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தோடு வந்தார். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு நடக்கும். அந்தப் பாட்டுகளை லயங்களில் இருந்தவர்கள் கேட்டது இலங்கை வானொலியில், உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த ட்ரான்சிஸ்டரில். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில் ஒலிப்பது. சின்ன ரேடியோ அதைத் தரவே தராது. மேலே வரும் துணை ஒலிகளை வைத்து மூளைதான் அதை ஊகித்துக்கொள்ளும். மனப்பாடமான பாட்டையே நாற்பது வருடம் கழித்து ஒழுங்கான வூபரில் கேட்பவர், அதற்குள் இன்னொரு பாட்டு ஓடுவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தப்பு மேளத்தின் வெடிப்பைக் கேட்பதற்காகத்தான் வூபர் பூட்டுகிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு. விடிகாலையில் தோட்டத்தைப் பெரட்டுக்கு எழுப்பியதும், மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பதும் அந்தத் தப்புதான். ஆனால் நெருப்பில் காய்ச்சி இறுக்கிய தோலின் ஒலி பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸுக்கு மேலே. அது கதவு ஸ்பீக்கரின் வேலை. வூபருக்கு உரியது அதற்குக் கீழே உள்ள பகுதி மட்டும்.

வண்டியோடு வந்த செட்டால் ஏன் அந்தப் பகுதியைத் தர முடியவில்லை? முதற் காரணம் மின்சாரம். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ட். சாதாரண ரேடியோவின் உள்ளே இருக்கும் சிப், அந்த வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது, கணக்கின் உச்சத்திலேயே 26 வொட். நடைமுறையில் 20 வொட் வந்தால் அதிகம். பெட்டியின் மேல் ‘50 வொட் x 4’ என்று அச்சடித்திருப்பது கண நேர உச்சத்தைக் காட்டும் வியாபாரக் கணக்கு. இரண்டாவது காரணம் கதவு. ஆறரை அங்குலக் காகிதக் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் கதவின் ஓட்டைகள் வழியாகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலை நீளமாக நீளமாக இந்த இழப்பு கூடும். போதாததற்கு, சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாது என்று பல கம்பெனிகள் சத்தம் கூடும்போது பேஸைத் தாமாகவே குறைத்துவிடும்படி ரேடியோவை அமைத்திருக்கின்றன.

இனி நல்ல செய்தி. டபள் கெப்பின் கேபின் வூபருக்கென்றே செய்தது போல அமைந்திருக்கிறது. 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் எட்டரை மீற்றர். கேபினின் உள் நீளமோ இரண்டரை மீற்றருக்குள். அலை விரிந்து ஓட அங்கே இடம் இல்லை. கூம்பு அசையும்போது, வாயை அடைத்த சைக்கிள் பம்பில் காற்று நெரிவது போல, கேபின் காற்று முழுவதும் ஒரே நேரத்தில் நெரிந்து தளர்கிறது. ஏறத்தாழ 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க இந்த அழுத்தம் தானாகவே கூடும். அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு தடவையும் 12 டெசிபல் என்பது ஏட்டுக் கணக்கு. கதவு ரப்பரும் தகடும் கசியவிடுவதால் உண்மையில் கிடைப்பது குறைவு. அப்படியும் வீட்டு வரவேற்பறையில் சோப்ளாங்கியாகக் கேட்கும் ஒரு 8 அங்குல வூபர், கெப்புக்குள் ஆளை உட்கார்ந்த இடத்தில் அசைக்கும். ஷட்டரை இறக்கினால் அழுத்தம் வெளியே ஓடிவிடும், பேஸும் கூடவே போகும். ஏசி போடத் தேவையில்லாத அப்புத்தளைக் குளிரில் ஷட்டரைத் திறந்துவிட்டு ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கெப்பின் குறை இடம். காருக்கு டிக்கி உண்டு, கெப்புக்குப் பின்னால் இருப்பது திறந்த தட்டு. மழை, சேறு, கொழுந்துச் சாக்கு எல்லாம் வந்து விழும் அந்தத் தட்டில் வூபரை வைப்பது பணத்தை வீதியில் கொட்டுவதற்குச் சமம். மிஞ்சுவது பின் சீட்டுக்கு அடி, பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள ஒடுக்கம், முன் சீட்டுக்கு அடி. சிங்கிள் கெப்பில் சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் கிடைத்தாலே பாக்கியம். ஜாக்கும் பாணாக்களும் அந்த இடங்களில்தான் ஏற்கெனவே குடியிருக்கின்றன. நமுனுகுலைப் பக்கம் இரவில் டயர் போனால் முதலில் தேவைப்படுவது எது என்பதை நினைத்துவிட்டு அளவெடுப்பது நல்லது.

எளிய வழி, அம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே தட்டையான கூட்டுக்குள் அடங்கிய வகை. கென்வுட், பயனியர், ஜேபிஎல் முதலிய கம்பெனிகள் இதைச் செய்கின்றன. கென்வுட் கேஎஸ்சி-எஸ்டபிள்யூ11 என்ற மாதிரியின் அட்டையில் 150 வொட் என்றிருக்கும், தொடர்ந்து தரக்கூடியது 75. ஜேபிஎல் பேஸ்ப்ரோ எஸ்எல் என்பதில் 8 அங்குல ஸ்பீக்கரும் தொடர்ச்சியாக 125 வொட்டும் உண்டு. எதை வாங்கினாலும் தொடர்ச்சியான வொட் எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டும். மற்ற எண்கள் அலங்காரம். முன் சீட்டுக்கு அடியில் வைப்பதானால் அங்கே ஓடும் மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடக் கூடாது. அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் உரியவை.

அடுத்த வழி, தனி வூபருக்குப் பெட்டி அடிப்பது. இங்கேதான் தச்சரின் கைவண்ணமும் இயற்பியலும் சந்திக்கின்றன. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஆழமான பேஸை எடுத்துக் காட்டினார். அதுவரை பேஸ் என்றால் அலமாரி அளவுப் பெட்டி. பிறகு அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் சிமோல் 1970களின் தொடக்கத்திலும், எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொள்ளளவுப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறையை வகுத்தார்கள். இன்று வூபரோடு வரும் தாளில் அச்சிட்டிருக்கும் எண்கள் அவர்கள் இருவரின் பெயரால் வழங்குபவை. அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கண்மதிப்பில் பெட்டி அடிப்பதுதான் ஊரில் நடக்கும் பெரிய விரயம். 10 அங்குல வூபருக்கு மூடிய பெட்டியானால் பொதுவாக 15 முதல் 25 லீற்றர் போதும். ஆழம் குறைந்த தட்டை வகைகளுக்கு அதைவிடச் சின்னதும் போதும்.

துளை வைத்த பெட்டி கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மை. பெட்டியும் பெரிதாக வேண்டும். துளையின் அலைவரிசைக்குக் கீழே கூம்புக்குக் கடிவாளம் இல்லாமல் போகும். கேபினே அடிப் பேஸைத் தூக்கிக்கொடுக்கும்போது கெப்புக்கு அது வேண்டாத செலவு. மூடிய பெட்டியே போதும்.

பலகையைப் பற்றி ஊவாவுக்கென்று ஒரு வார்த்தை. பதுளைக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபர் தொடங்கித் தை வரை. பிறகு யூலை முதல் கச்சான் வீசி எல்லாவற்றையும் உலர்த்தும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் காற்று அதுதான். இந்த ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையில் எம்டிஎப் பலகை ஓரம் ஊதி, மூட்டு விட்டு, காற்றுக் கசியும். நல்ல 18 மில்லிமீற்றர் ப்ளைவுட், முடிந்தால் மரைன் வகை, தாக்குப்பிடிக்கும். மூட்டுகளுக்கு உள்ளே பசையும் சிலிக்கனும் தேவை. பெட்டியைக் கேபின் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவது அழகுக்காகச் செய்வது இல்லை. பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள பெட்டி சடன் பிரேக்கில் பின்னாலிருந்து பறந்து வந்தால் தலை தாங்காது.

செட்டிலிருந்து பாட்டை வூபருக்குக் கொண்டுபோவது எப்படி? வண்டியோடு வந்த ரேடியோவின் பின்பக்கத்தில் வூபருக்கென்று தனி வாய் பெரும்பாலும் இருக்காது. பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களிலிருந்து கிளை எடுத்து, ஸ்பீக்கர் அளவு சிக்னலை நேரடியாக ஏற்கும் அம்ப்ளிபயருக்குக் கொடுக்க வேண்டும். பல புதிய அம்ப்ளிபயர்கள் அந்த வயரில் உயிர் வந்ததை உணர்ந்து தாமாகவே விழித்துக்கொள்ளும், தனி ரிமோட் வயர்கூட வேண்டியதில்லை. வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாக, அந்த வண்டிக்கென்றே விற்கும் இடைச் சொக்கட்டைப் போட்டால் பின்னால் ஒரு தடயமும் இல்லாமல் கழற்றிவிடலாம்.

ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டிகளுக்கு வேறொரு தலைவலி. ஜப்பானிய எப்எம் நீண்ட காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். இலங்கை நிலையங்களோ 108 வரை பரவிக் கிடக்கின்றன. அலைவரிசையை மாற்றிக்கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை நடுவில் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. பலர் ரேடியோவையே தூக்கிவிட்டு அன்ட்ரொயிட் திரை பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டியவர்களுக்கு வூபர் வாய் பெரும்பாலும் இனாமாகக் கிடைத்திருக்கும்.

பணமும் கவனமும் போக வேண்டிய இடம் மின் வயர். ஆனால் கடையில் பேரம் பேசிக் குறைப்பது முதலில் அதைத்தான். தொடர்ந்து 300 வொட் தரும் அம்ப்ளிபயர், வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், முழுச் சுமையில் 30 அம்பியர் அளவில் இழுக்கும். 8 கேஜ் செப்பு வயர் அதற்குத் தாங்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த வயர்களில் பலவும் அலுமினியத்தின் மேல் செப்புப் பூசியவை. அதே தடிப்பில் மின்தடை செப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், ஆகவே ஒரு அளவு தடித்ததாக வாங்க வேண்டும்.

பெட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அம்ப்ளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. அது அம்ப்ளிபயரைக் காக்கும், வயரைக் காக்காது. எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டை வயர் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தோட்டத்துக் கல் ரோட்டின் குலுக்கலில் சில மாதங்களுக்குள் தகடு உறையை அறுத்துவிடும். டீசல் வண்டி பெட்டரி அப்போது நூற்றுக்கணக்கான அம்பியரை அந்த இடத்தில் கொட்டும். பியூஸ் இருந்தால் அது எரிந்து போவதோடு சரி. இல்லாவிட்டால் எரிவது வண்டி.

எர்த் வயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் பிடிக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் பிடிப்பது வேண்டாம். எர்த் சரியில்லாவிட்டால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் பாட்டோடு சேர்ந்து வரும். ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஹெட்லைட் மங்கினால், வயரோ எர்த்தோ பெட்டரியோ தளர்ந்திருக்கிறது, அல்லது அல்டனேட்டரின் தகுதிக்கு மேல் சுமை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பெரகலைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில் மூடுபனி இறங்கிய இரவில் அந்த மங்கலை விளையாட்டாக எடுக்க முடியாது.

பூட்டி முடித்ததும் எல்லாத் திருகையும் முழுக்கத் திருப்பிவிடுவதுதான் வழக்கம். நெஞ்சில் அடிக்க வேண்டும் என்பது இளைஞர்களின் கோரிக்கை, கடைக்காரரும் மறுக்கமாட்டார். நிதானமான வழி வேறு. தாழ் அலைவரிசை வடிகட்டியை 80 ஹேர்ட்ஸில் வைத்து, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். கெயின் என்பது ரேடியோவின் சிக்னலுக்கு அம்ப்ளிபயரைப் பொருத்தும் திருகு; அதைச் சத்தத் திருகாக நினைத்து உச்சத்தில் வைத்தவர்கள்தான் சுருள் கருகிய வூபரோடு திரும்பி வருவார்கள். பிறகு பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, ‘ஃபேஸ்’ (phase) 0, 180 என்றிருக்கும் சுவிட்சை மாற்றிப் பார்க்கலாம். எந்தப் பக்கத்தில் அடி நிறைந்து கேட்கிறதோ அதுதான் சரி. வூபர் எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாமல், பேஸ் முன்னாலிருந்து வருவது போலத் தோன்றினால் வேலை முடிந்தது. கதவுகளின் உள்ளே பியூட்டைல் தகடு ஒட்டி அதிர்வை அடக்கினால், வூபர் இல்லாமலேயே பாதி முன்னேற்றம் தெரியும். இதைச் சொல்லும் கடைகள் குறைவு.

இனி வெளியே. தடித்த சுவர்கூட உயர்ந்த ஒலியைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ந்த ஒலியைத் தடுக்காது. லயத்தில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர், மேலே தகரம். லயத்து முற்றத்தில் இரவு ஒரு கெப் நின்று வூபரை அடித்தால், பாட்டு யாருக்கும் விளங்காது. தும் தும் என்ற அடி மட்டும் கடைசி அறை வரை போகும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசைக்கும்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் என்று எல்லை வைக்கின்றன. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது என்று பணித்தது. சிறப்பு மத நிகழ்வுகளுக்கும் வேறு சிறப்பு நிகழ்வுகளுக்கும் விலக்கு உண்டு. ஒரு வேடிக்கை: ஒழுங்குவிதிகள் கேட்கும் அளவீடு, மனிதக் காதைப் பின்பற்றி, 50 ஹேர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். சுவர் அதிர்ந்தாலும் கருவி சாதுவாகவே இருக்கும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அனுமதியற்ற ஹோன், விளக்கு, அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியபோது, வாகனச் சத்தம் நாடெங்கும் பேச்சானது.

வண்டிக்குள்ளேயும் ஒரு எல்லை வேண்டும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை என்று இறங்கும் வீதியின் குருட்டு வளைவுகளில், எதிரே வரும் பஸ் ஹோன் அடிப்பதுதான் ஒரே அறிவிப்பு. பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச் 20 அன்று பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தது, பாறை சரிந்து வீதி ஒடுங்கியிருந்த இடத்தில். இந்த வீதிகளில் விலகிக்கொள்ளக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். வளைவுக்கு முன் ஹோன் கேட்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடலாம்: ஷட்டரை ஏற்றி, வழக்கமான சத்தத்தில் பாட்டைப் போட்டு, ஒருவரை ஐம்பது அடி தள்ளி நின்று இன்னொரு வண்டியின் ஹோனை அடிக்கச் சொன்னால் போதும்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருடம் பழைய கெப்களே கைமாறிக்கொண்டிருந்தன, இருக்கிறதைச் சீர்செய்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் ஊறிவிட்டது. விற்கும் நேரத்தில் வூபர் வண்டியோடு போவது அபூர்வம். பெட்டியைக் கழற்றி, வயரின் பெட்டரி முனையை விடுவித்து டேப் சுற்றிவிட்டு, அடுத்த கெப்பின் பின் சீட்டை அளக்க டேப்போடு போய்விடுகிறார்கள்.